மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பேசிக்கொள்ளக் கூடாது

"யோவ், நீ பல்லு செய்யுறியா, படிக்கட்டு கட்டுறியா? வலது பக்கம் கடைசிக்கு முந்தினது ஒரு முடி ஒசந்து நிக்குது!"

"ஒசரமெல்லாம் இல்ல. உன்னுதுதான் தொங்குது. உன் வாய் மாதிரியே."

"தேய்யா முதல்ல. அது இல்ல, அதுக்குப் பின்னாடி. ஆங், அதேதான். இன்னும். இன்னும் கொஞ்சம். நிறுத்து, நிறுத்து! மொட்டை அடிச்சிராத!"

"போதுமா, மகாராசா?"

"நடுவுல ரெண்டும் முறைச்சுக்கிட்டு நிக்குதே, அது யாரு, உன் அத்தையும் சித்தியுமா? இடது பக்கத்தத உள்ள தள்ளு."

"உன் தங்கச்சியக் கட்டினதுக்கு எனக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்."

"அவ உன்னையக் கட்டினப்ப நாங்க குடும்பத்தோட அழுதது உனக்குத் தெரியாது."

இந்த இடத்தில்தான் வாசலில் யாரோ இருமினார்கள்.

திரும்பிப் பார்த்தோம். கூட்டுத்தொழில் ஒழுங்கு வாரியத்தின் ஆய்வாளர். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆய்வாளர் வருவார், எங்கள் கூட்டுப் பதிவைப் புதுப்பித்துக் கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். இந்த முறை வந்தவர் புதியவர். கையில் நோட்டு. பேனா ஏற்கெனவே திறந்திருந்தது.

"பதினோரு நிமிஷமா படியில நிக்கிறேன்," என்றார். "மொத்தம் இருபத்து மூணு வசவு. அதுல நாலு குடும்பத்தைச் சேர்ந்தது. எவ்வளவு நாளா இப்படி?"

"இருபத்தாறு வருஷமா சார்," என்றார் என் மாப்பிள்ளை. கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

ஆய்வாளர் அதையும் எழுதிக்கொண்டார்.

"ஒருத்தர் மேல ஒருத்தர் வாரியத்துல புகார் குடுத்ததே இல்லையே?"

"எதுக்கு சார் குடுக்கணும்?"

"அதான். புகார்கூடக் குடுக்க முடியாத அளவுக்கு விரோதம் முத்திப்போச்சு."

"விரோதமெல்லாம் இல்ல சார்," என்றேன் நான். "பல்லு."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கையெழுத்துப் போடாமல் படியிறங்கிப் போனார். தொண்ணூறு நாளுக்குள் கையெழுத்து வராவிட்டால் கடையைப் பூட்ட வேண்டும்.

எங்கள் கடை ஒரு செருப்புக் கடைக்கு மேலே, முதல் மாடியில், ஒற்றை அறை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். நான் மேல் செட்டுச் செய்வேன். என் தங்கையின் கணவர், அதாவது என் மாப்பிள்ளை, கீழ் செட்டுச் செய்வார். எதிரெதிராக இரண்டு மேசை. நடுவில் ஒரு முக்காலி. அதன்மேல் ஒரு பித்தளைக் கருவி. மேல் செட்டையும் கீழ் செட்டையும் அதில் மாட்டி, வாய் திறந்து மூடுவதுபோல ஆட்டிப் பார்க்கலாம். நாங்கள் அதை 'தாடை' என்போம். தாடையில் மாட்டியவுடன் சண்டை ஆரம்பிக்கும். இரண்டு செட்டும் பொருந்தும்வரை நடக்கும். எங்கள் கடையில் சண்டை ஓய்ந்தது என்றால் பல் தயார் என்று அர்த்தம். கீழே செருப்புக் கடைக்காரர்கூட அதை வைத்துத்தான் டாக்டருக்குச் சொல்லி அனுப்புவார்: "சத்தம் நின்னிருச்சு, ஆள அனுப்புங்க."

இன்னொரு விஷயமும் உண்டு. அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். மாப்பிள்ளைக்கு நான்கு வருடமாகக் கண் மங்கிக்கொண்டு வந்தது. பல்லை மூக்கருகே வைத்துத்தான் பார்ப்பார். கிட்டத்தில் நிழல், தூரத்தில் புகை. ஆனால் அவர் விரலுக்கு இருந்த அறிவு எந்தக் கண்ணுக்கும் கிடையாது. எங்கே தேய்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால் போதும். நான் சொன்னேன். சும்மா சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும். திட்டிச் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது. 'மொட்டை அடிச்சிராத' என்றால் மாப்பிள்ளைக்கு அளவு தெரியும். 'அத்தையும் சித்தியும்' என்றால் எந்த இரண்டு பல் என்று தெரியும். நான்கு வருடமாக இந்த ஊர் மென்றதெல்லாம் என் வாயாலும் அவர் விரலாலும்தான்.

வாரியத்துக்கு வரச் சொல்லி ஓலை வந்தது. போனோம்.

வாரிய அலுவலகம் நீளமான கட்டடம். உள்ளே ஓசையே இல்லை. சுவரெல்லாம் ஒரே படம்: இரண்டு பேர் கை குலுக்குகிறார்கள், நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்குக் கீழே விதிகள். ஏழாவது விதியை நான் நின்று படித்தேன்: 'உடற்குறை உள்ள கூட்டாளியின் பாதியை வாரியமே பொறுப்பெடுத்துக்கொள்ளும்.' மாப்பிள்ளை படிக்கவில்லை. "என்ன எழுதியிருக்கு?" என்றார். காதோடு சொன்னேன்.

தலைவர் அறையில் எங்களை உட்கார வைத்தார்கள், முதுகோடு முதுகாக.

"ஒருத்தரை ஒருத்தர் பார்க்காம உக்காருங்க, அதான் நல்லது," என்றார் தலைவர். "கூட்டுத்தொழில்னா என்ன? ரெண்டு பேரு. ரெண்டு பேருன்னாலே ஒருத்தர் அதிகம். அந்த அதிகத்தைக் கட்டுப்பாட்டுல வெக்கத்தான் இந்த வாரியம் இருக்கு. எனக்கும் ஒரு கூட்டாளி இருந்தார். பத்து வருஷம். எங்களுக்குள்ள ஒரு சின்ன மனஸ்தாபம்? கிடையாது. ஏன்னு கேளுங்க. நான் அவரைப் பேசவே விட்டதில்ல. இப்ப அவர் எங்க இருக்காருன்னுகூட எனக்குத் தெரியாது. அதுக்குப் பேருதான்யா இணக்கம்!"

ஆய்வாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சார், நாங்க பேசாம இருந்தா பல்லு பொருந்தாது," என்றேன்.

"எங்கிட்ட வர்ற எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. மாவு மில்லுக்காரன் சொன்னான், பேசாம இருந்தா மில்லு ஓடாதுன்னு. அண்ணன் தம்பி ரெண்டு பேரு. பேச்சை நிறுத்தினோம். ஒரே மாசம், அவ்வளவு அமைதி."

"மில்லு, சார்?"

"மில்லு மூடிட்டாங்க. அமைதியா மூடினாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். எங்கள் கைவேலை. ஏழு வருடத்துக்கு முன்னால் செய்தது. அந்த வாய் கோணல் வாய். அதற்கு ஒழுங்காகப் பல் பொருத்த நானும் மாப்பிள்ளையும் இரண்டு நாள் அடித்துக்கொண்டோம். அந்த வாரம் மாப்பிள்ளை எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அப்படிப் பிறந்த பல்லால்தான் தலைவர் எங்களைப் பேசாதே என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தொண்ணூறு நாள் ஒழுங்குப் பயிற்சி. ஆய்வாளரே எங்கள் கடையில் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பார். தேறினால் கையெழுத்து.

வெளியே வரும்போது கழிப்பறைக்குள் போனோம். அந்தக் கட்டடத்தில் வாரியத்து ஆள் இல்லாத ஒரே இடம் அதுதான். மாப்பிள்ளை என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், என்னைப் பத்தி என்ன வேணா எழுதிக் குடு. திருடன்னு எழுது, குடிகாரன்னு எழுது. கண்ணு விஷயத்தை மட்டும் எழுதிராத. உன் தங்கச்சிக்கே தெரியாது. இந்த வேலையும் போச்சுன்னா நான் வீட்டுல செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காரணும். செவுரும் தெரியாது."

"நான் என்ன பைத்தியமா மாப்பிள்ள? போய்க் கையைக் கழுவு. குழாய் அந்தப் பக்கம்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆய்வாளர் வந்துவிட்டார். கூடவே இரண்டு தச்சர்கள். எங்கள் மேசைகளுக்கு நடுவில் ஒட்டுப்பலகைத் தடுப்பு எழும்பியது. அதில் தபால் பெட்டி வாய்போல ஒரு துளை. தினமும் கடை திறந்ததும் நாங்கள் தடுப்பின் முனைக்கு வந்து, ஆறடி தள்ளி நின்று, உறுதிமொழி சொல்ல வேண்டும்: 'என் பாதி என்னுடையது. உன் பாதி உன்னுடையது. மீதி வாரியத்துடையது.' பிறகு பன்னிரண்டு விநாடி பல் தெரியப் புன்னகை. ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்ப்பார். முதல் நாள் மாப்பிள்ளை என்னைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு தச்சரைப் பார்த்துப் புன்னகைத்தார். தச்சர் பயந்துபோய் அடுத்த நாள் வேறு ஆளை அனுப்பினார்.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு நாற்பது வாக்கியம். 'ம்' என்றால் அரை வாக்கியம். அதற்குமேல் பேசினால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பயிற்சியில் ஒரு நாள் கூடும். மாப்பிள்ளை கையில் கொதிக்கிற மெழுகு கொட்டி "ஐயோ, அம்மா" என்றதை இரண்டு வாக்கியமாகக் கணக்கெடுத்தார் ஆய்வாளர். நான் கெஞ்சினேன். நடுவில் நிறுத்தம் இருந்ததா என்று மாப்பிள்ளையை மறுபடியும் சொல்லச் சொன்னார். மாப்பிள்ளை நிறுத்தாமல் சொல்லிக் காட்டினார். ஒன்றாகக் குறைத்தார்.

தொழில் சம்பந்தமான பேச்சுக்குப் படிவம். மூன்று பிரதி. நான் எழுதியது இவ்வளவுதான்: 'வலது பக்கம் கடைசிக்கு முந்தின பல் ஒரு முடி உயரம்.' திரும்பி வந்தது. ஓரத்தில் ஆய்வாளர் எழுதியிருந்தார்: 'யாருடைய முடி?' என் தலையிலிருந்து ஒன்றைப் பிடுங்கி இணைத்துக் கொடுத்தேன். நரை முடி என்பதால் ஒருமுறை திருப்பினார்கள். கறுப்பு முடி தேடிப் பிடுங்கினேன். தலைமை அலுவலகம் போய், ஒப்புதல் முத்திரையோடு ஒன்பதாவது நாள் துளை வழியாக அந்தப் பக்கம் விழுந்தது.

விழுந்து என்ன? அவருக்குத்தான் படிக்க முடியாதே.

அடுத்த படிவத்தில் ஒவ்வொரு எழுத்தையும் எலுமிச்சம்பழம் அளவுக்கு எழுதினேன். ஆய்வாளர் கையை நீட்டித் தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இது என்னங்க?"

"எழுத்து சார்."

"இது கத்தல். பேப்பர்ல கத்துறீங்க." அன்று முதல் எழுத்தின் உயரத்துக்கும் அளவு வந்தது. கடுகுக்கு மேல் போகக் கூடாது.

இருமலில் முயன்று பார்த்தேன். ஒரு இருமல் என்றால் தேய், இரண்டு என்றால் நிறுத்து. நான்கு நாள் நன்றாகப் போயிற்று. ஐந்தாம் நாள் மாப்பிள்ளை தன் பழக்கத்தில், "அப்படி இருமாத மச்சான், தெரியுது," என்று சொல்லித் தொலைத்தார். ஆய்வாளர் இருமல் பதிவேடு தொடங்கினார். டாக்டர் சான்றிதழ் இல்லாத இருமல் வாக்கியக் கணக்கில் சேரும்.

கடைசியில் தாடைக்கே வந்தார்கள். அது இரண்டு பேருக்கும் பொது. பொது என்றாலே தகராறின் வேர். அதனால் முறை வைத்தார்கள்: திங்கள், புதன், வெள்ளி எனக்கு. செவ்வாய், வியாழன், சனி அவருக்கு.

"சார், அதுல மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்து மாட்டணும். தனித்தனியா மாட்டி என்ன பாக்குறது?"

"உங்க பல்லு நல்லா இருக்கான்னு பாருங்க. அடுத்தவன் பல்லு உங்களுக்கு எதுக்கு?"

திங்கட்கிழமை மேல் செட்டை மட்டும் மாட்டி ஆட்டினேன். காற்றைக் கடித்தது. குறையே இல்லை.

செட்டுகள் வெளியே போக ஆரம்பித்தன. தையல்காரர் ஒருவருக்கு நூலைக் கடித்து அறுக்க முடியவில்லை. பஸ் கண்டக்டர் விசில் ஊதினால் காற்று பக்கவாட்டில் போய், சத்தம் வராமல் பஸ் நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு வக்கீல் "ஆட்சேபிக்கிறேன்" என்று எழுந்தபோது கீழ் செட்டு எதிர்த்தரப்பு மேசையில் போய் விழுந்தது. நீதிமன்றத்தில் அதற்கு எண் போட்டு எடுத்து வைத்துக்கொண்டார்கள். வழக்கு முடியும்வரை தர மாட்டார்களாம். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் கைக்குட்டையில் செட்டை முடிந்துகொண்டு வந்தார்.

"ஏன்பா, மேல ஒருத்தர் வாய்க்கும் கீழ ஒருத்தர் வாய்க்கும் செஞ்சிருக்கீங்களா? எனக்கு ஒரே வாய்தான் இருக்கு."

என்னிடம் அன்றைக்கு இரண்டு வாக்கியம்தான் மிச்சம். "மன்னிச்சிருங்க டீச்சர். உக்காருங்க," என்றேன். முடிந்துபோயிற்று. அவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்.

வாரியம் மாத அறிக்கை அனுப்பியது. வரைபடத்தில் கோடு செங்குத்தாக மேலே ஏறியிருந்தது. வெளியாட்களின் புகார் நாற்பத்தொன்று. கூட்டாளிகளுக்குள் புகார் பூஜ்யம். 'மிகச் சிறப்பு' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று துளை வழியாகத்தான் பார்ப்பேன். சொல்ல ஆள் இல்லாமல் போனதால் மாப்பிள்ளை ஒவ்வொரு பல்லையும் விரலால் தடவிப் பார்த்து, தேய்க்கும் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே விரலை வைத்துக்கொண்டு வேலை செய்தார். ஒருநாள் விரல் நுனி சக்கரத்துக்குள் போவதைப் பார்த்தேன். காலையிலேயே என் நாற்பது வாக்கியமும் தீர்ந்திருந்தது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு நாள் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் மூன்று விரல் நுனியும் போய்விட்டது. அவர் 'ஐயோ' என்றுகூடச் சொல்லவில்லை. நல்ல பயிற்சி என்று ஆய்வாளர் குறித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் தலைவருக்குப் புதுப் பல் தேவைப்பட்டது. வாரியத்தின் ஆண்டு விழா வந்தது. மாதிரிக் கூட்டாளிகள் செய்த பல்லைப் போட்டுக்கொண்டு பேசுவதாக அறிவித்துவிட்டார். ஒழுங்குமுறைப்படி செய்தோம். என் பாதி ஒழுங்கு. மாப்பிள்ளையின் பாதி, மூன்று விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு செய்தது.

தலைவர் போட்டுப் பார்த்தார். வாய் மூடவில்லை.

கண்ணாடியில் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அவர் ஆணையிட்டுச் செய்த ஒழுங்கில் பிறந்த பல். அதைக் குறை சொல்ல அவராலேயே முடியாது.

"ரொம்பத் திறந்த மனசோட இருக்கிற மாதிரி இருக்கு சார்," என்றார் ஆய்வாளர்.

தலைவர் அப்படியே விழாவுக்குப் போனார். உதடு சேராததால் பாதி எழுத்து வரவில்லை. 'படிவம்' என்று சொல்ல முடியவில்லை. அடுத்த நாளே படிவத்துக்கு 'தாள்' என்று பெயர் மாற்றிச் சுற்றறிக்கை வந்தது. ஒரு வாரத்தில் அலுவலகத்தில் எல்லாருமே வாயை அரைகுறையாகத் திறந்துகொண்டு நடக்க ஆரம்பித்தார்கள். மேலதிகாரி முன்னால் வாயை மூடுவது மரியாதை இல்லையாம். தலைவருக்குச் சாப்பாடு எல்லாமே கரைத்துத்தான் கொடுத்தார்கள். மெலிந்தார். மெலிவும் ஒழுங்கின் அடையாளம் என்றார்கள்.

ஆனால் பசி பசிதானே. ஒருநாள் என்னை மட்டும் கூப்பிட்டு அனுப்பினார். அவர் பேசுவது விளங்காததால் ஆய்வாளர் பக்கத்தில் நின்று எடுத்துச் சொன்னார்.

"எங்கேயோ ஒரு தப்பு நடந்திருக்குன்னு தலைவர் சொல்றார். வாரியத்துல தப்பு நடக்காது. உங்க மேல் செட்டுல தப்பு இல்ல, சோதிச்சாச்சு. அப்ப எங்க?"

"சார், நாங்க கத்திப் பேசணும் சார். பழையபடி. அவ்வளவுதான்."

தலைவர் ஏதோ முனகினார்.

"அதுக்கு விதியில இடம் இருக்குங்கிறார். சத்த அனுமதி. பத்தொன்பதாம் கேள்விக்கு உண்மையா பதில் எழுதணும். 'கூட்டாளியிடம் குரல் உயர்த்த வேண்டிய அவசியம் என்ன?' காரணம் நியாயமா இருந்தா, வாழ்நாள் முழுக்க எவ்வளவு வேணா கத்தலாம்."

தாளைக் கையில் வாங்கினேன். கழிப்பறையில் என் சட்டையைப் பிடித்த கை ஞாபகம் வந்தது. கட்டுப் போட்ட மூன்று விரலும் ஞாபகம் வந்தது. 'பழக்கதோஷம்' என்று எழுதலாமா என்று பார்த்தேன். 'காது மந்தம்' என்று எழுதலாமா என்று பார்த்தேன். காதும் உடற்குறைதான், அதற்கும் ஏழாவது விதிதான். நானும் பொய் எழுதிப் பழகாதவன். தலைவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், தைரியமாக எழுது என்கிற மாதிரி. வாய் திறந்திருந்ததால் சிரிக்கிறார், இதற்கு ஏழாவது விதியைத் தூக்க மாட்டார் என்று நினைத்துவிட்டேன்.

எழுதினேன். 'அவருக்கு நான்கு வருடமாகக் கண் தெரியவில்லை. நான் கத்துவதுதான் அவருக்குக் கண்.' கடுகளவு எழுத்தில், கோடு மீறாமல் எழுதினேன்.

ஆய்வாளர் அதைச் சத்தமாகப் படித்தார். அவருக்கு மறுபடியும் கண் கலங்கியது. தலைவரும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"ரொம்ப உருக்கமா இருக்குங்கிறார். இதைச் சட்டம் போட்டு மாட்டணுமாம்."

"அப்ப கத்தலாமா சார்?"

"தாராளமா. உங்களுக்கு அனுமதி குடுத்தாச்சு. ஆனா கத்துறதுக்கு ஆளு இருக்காது. ஏழாவது விதி."

அன்று பிற்பகலே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை தடுப்புக்கு அந்தப் பக்கம் பல் அடுக்கிக்கொண்டிருந்தார். ஆய்வாளர் உத்தரவைப் படித்துக் காட்டியதும் அவர், "யாரு சொன்னது?" என்று மட்டும் கேட்டார். ஆய்வாளர் என் தாளை அவர் கையில் கொடுத்தார். அவர் அதை மூக்கருகே வைத்து, மேலிருந்து கீழாக, ரொம்ப நேரம் பார்த்தார். எழுத்து தெரிந்திருக்காது. என் கையெழுத்து இழுப்பு தெரிந்திருக்கும்.

"மாப்பிள்ள..." என்றேன்.

"இன்னிக்கு எத்தனை வாக்கியம் மிச்சம் இருக்கு மச்சான்?"

"முப்பத்தொம்பது."

"வெச்சுக்கோ."

எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு, கதவைக் கண்டுபிடித்து இறங்கிப் போனார். பதினேழு படி. வழக்கமாக ஒவ்வொரு படிக்கும் நான்தான் பின்னால் நின்று, "பாத்துப் போய்யா, விழுந்தா பல்லு எனக்குத்தான் செலவு," என்று கத்துவேன். அன்றைக்கு எண்ணிக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் அவரிடமிருந்து ஒரு தாள் வந்தது, முறைப்படி வாரியம் வழியாக. எழுத்து கோட்டை விட்டு மேலும் கீழும் அலைந்திருந்தது. ஆய்வாளர்தான் படித்துக் காட்டினார்: 'மச்சான், நாலு வருஷம் ஊரே கேக்கக் கத்தினே. ஒருத்தனுக்கும் என் கண்ணு தெரியல. ஒரே ஒரு தடவ சத்தமில்லாம எழுதினே. முடிஞ்சுது.' கீழே 'பதில் தேவையா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்பதில் குறி போட்டிருந்தார். குறி கட்டத்துக்கு வெளியே விழுந்திருந்தது. அதனால் தாள் செல்லாது. நான் அதைக் கேட்கவே இல்லை என்றுதான் பதிவேட்டில் இருக்கிறது.

இப்போது மாப்பிள்ளையின் நாற்காலியில் ஆய்வாளர் உட்கார்ந்திருக்கிறார். பதவி: பொறுப்புக் கூட்டாளி. கீழ் செட்டை அடிஸ்கேல் வைத்துச் செய்கிறார். பல் எல்லாம் மதில் சுவர்போல நேராக நிற்கிறது. மனித வாய் வளைவாக இருக்கும் என்று ஒரு தாள் கொடுத்திருக்கிறேன். பரிசீலனையில் இருக்கிறதாம். போன வாரம் எங்களுக்கு 'ஆண்டின் மிக ஒழுங்கான கூட்டுத்தொழில்' என்று கேடயம் கொடுத்தார்கள். வாங்கும்போது நானும் வாயை அரைகுறையாகத் திறந்து வைத்துக்கொண்டேன். பழகிவிட்டது.

பழைய கூட்டு கலைந்துவிட்டதால் வாரிய விதி எனக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் இனிப் பொருந்தாது. அவரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். அதனால் போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"யோவ், வெளிய வாய்யா! கடையில ஒருத்தன் அடிஸ்கேல வெச்சுக்கிட்டு மதிலு கட்டுறான். நீ செஞ்ச படிக்கட்டே பரவால்லய்யா!"

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தது என் தங்கைதான். அழுத முகம் இல்லை. அழுது முடித்த முகம்.

"எதுக்குண்ணே தொண்டையக் கெடுத்துக்கிற? எழுதிக் குடுத்துட்டுப் போ. உனக்கு அதுதான நல்லா வருது."

கதவு மூடிக்கொண்டது.

விதிப் புத்தகத்தை முழுவதும் படித்தேன். கடைசிப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. கூட்டாளிகள் சண்டை போட்டதை நேரில் கேட்ட வெளியாட்கள் பன்னிரண்டு பேர், அதில் விரோதம் இல்லை, அதுதான் அவர்கள் வேலை செய்யும் விதம் என்று எழுதிக் கொடுத்தால், நீக்கிய கூட்டாளியைத் திரும்ப உட்கார வைக்க வேண்டும். முப்பது நாள் அவகாசம். ஒன்பது நாள் போய்விட்டது. செருப்புக் கடைக்காரர் ஒருவர்தான் இதுவரை எழுதியிருக்கிறார்.

அதனால் கேட்கிறேன். எங்கள் மாடிப்படியில் பல்லுக்காகக் காத்து நின்றவர்கள், எங்கள் சண்டையைக் கேட்டுச் சிரித்தவர்கள், எரிச்சல்பட்டவர்கள், இன்னமும் எங்கள் பழைய பல்லால் மெல்லுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து கீழே பதில் எழுதுங்கள். நாங்கள் என்ன திட்டிக்கொண்டோம் என்று ஞாபகம் இருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள், கெட்ட வார்த்தையாக இருந்தாலும் பரவாயில்லை. வாரியத்துக்கு ஒரு பிரதி போகும். இன்னொன்றை எடுத்துக்கொண்டு நான் அவர் வாசலுக்குப் போய், அந்தக் கதவுக்குக் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கத்திப் படிப்பேன். எழுத்தாகக் கொடுத்தால் அவருக்குத் தெரியாது.